வேர் இல்லாத வெட்டி

மூங்கில்கட்டளை அம்மனுக்குத் தண்ணீர் ஆகாது. கல்லில் செய்த அம்மன் என்றால் குடம் குடமாக ஊற்றலாம். இவள் சுதை அம்மன். சுண்ணாம்பும் மணலும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிடித்த உடம்பு. விடாமல் அபிஷேகம் செய்தால் கரைந்து வழிந்து வெண்ணாற்றுக்கே போய்ச் சேர்ந்துவிடுவாள். அதனால் அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடியில், தைலக்காப்பு. நல்லெண்ணெயில் அகிலும் சாம்பிராணியும் விலாமிச்சையும் சடாமாஞ்சிலும் தகரமும் போட்டு நாள்கணக்கில் காய்ச்சுவார்கள். அந்தச் சரக்கெல்லாம் நீடாமங்கலம் கடையிலிருந்து வரும். வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் மட்டும் கீழத்தெரு வேம்பு கொண்டுவர வேண்டும்.

கோரைக்கிழங்கு எங்கேயும் கிடக்கும். வயலில் அது களை. பிடுங்கி வரப்பில் எறிவார்கள். வெட்டிவேர் அப்படி இல்லை. அதைப் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் பாதி அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். சுற்றிலும் வெட்டி, மண்ணைத் தளர்த்தி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்து எடுக்க வேண்டும். வெட்டி எடுப்பதால் வெட்டிவேர். அதற்கு மேல் அந்தப் பேருக்கு ஒரு ரகசியமும் கிடையாது.

எடுத்த வேரை அலசி, உலர்த்தி, கட்டாகக் கட்டிக் கோயில் மதிலுக்குப் பின்புறம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள் வேம்பு. மடைப்பள்ளி ஆள் வந்து கட்டின்மேல் தண்ணீர் தெளித்து, தீட்டைப் போக்கி, உள்ளே தூக்கிப் போவான். நனைந்த வேர்தான் நன்றாக மணக்கும் என்பது அந்தத் தீட்டுக்குத் தெரியாது. அம்மன் உடம்பில் வேம்பு தோண்டிய வேர் ஏறியது. வேம்பு அம்மனைப் பார்த்ததில்லை. சட்டம் எப்போதோ கோயில் கதவைத் திறந்துவிட்டது என்று மேடையில் பேசுவார்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கு மறுநாள் காலையில் தர்மகர்த்தா நடராசன் வயலில் நடவுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

இந்த ஊழியத்துக்காக அவள் புருஷன் இளையபெருமாளின் குடும்பத்துக்கு ஆற்றோரம் மூன்று மா படுகை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருந்தது. முன்காலத்தில் யாரோ ஒரு ராஜா விட்ட மானியம். கரைப்பக்கம் வெட்டிவேர், மீதியில் நெல். கீழத்தெருவிலேயே கூலியாக இல்லாமல் தன் நெல்லைத் தானே அறுத்துத் தலையில் சுமந்து வருகிற வீடு அது ஒன்றுதான். களத்தில் யார் முகத்தையும் பார்த்து நிற்காமல், குனிந்து தன் மரக்காலை எடுத்து அளக்கிற சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நிலத்துக்கு வெட்டிவேர் மானியம் என்றுதான் பேர் இருந்திருக்க வேண்டும். ஊர் வாய்க்கு அவ்வளவு நீளம் ஆகவில்லை. மூங்கில்கட்டளையையே ‘கட்டளை, கட்டளை’ என்றுதான் பஸ்காரர் கூவுவார். அதே மாதிரி வேர் உதிர்ந்து வெறும் வெட்டி மானியம் ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, இளையபெருமாளின் வீட்டிலேயே அப்படித்தான் சொன்னார்கள். ‘வெட்டியில தண்ணி வச்சாச்சா?’ என்பார்கள். ‘வெட்டியில கதிரு வந்திருச்சு’ என்பார்கள். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் வெட்டி என்றால் ஊரில் வேறொன்றும் உண்டு. சாவு சொல்லப் போகிறவன் வெட்டி. சுடுகாட்டில் எருமுட்டை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி, பிணம் வேகும்வரை காவல் நிற்கிறவன் வெட்டி. அந்த வேலைக்கு மூங்கில்கட்டளையில் மானியம் என்று ஒரு குழி நிலம்கூட யாருக்கும் கிடையாது. கீழத்தெரு ஆண்கள் முறை வைத்து, சும்மா, செய்துகொண்டிருந்தார்கள்.

அதையும் நிறுத்தியாயிற்று. கிழக்கே குடிசைக்குள் ஆட்களை வைத்துக் கொளுத்தினார்களே, அதற்கு அடுத்து வந்த தை மாசத்தில் கீழத்தெரு கூடியது. இனிமேல் பறை அடிப்பதில்லை, பிணத்தைத் தொடுவதில்லை, வெட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முன்னால் நின்று முதல் ஆளாகக் கற்பூரத்தை அணைத்தவன் இளையபெருமாள். உள்ளங்கை பொசுங்கிப்போயிற்று. அன்றைக்கு வேம்பு அதற்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததில்லை.

புது ஆட்சி, புதுச் சட்டம். மானிய நிலங்களையெல்லாம் ஒழுங்கு பண்ணப் போகிறார்கள், ஊழியம் செய்கிறவன் பேருக்கே பட்டா என்று பேச்சு வந்தது. சித்திரைக் கடைசியில் செட்டில்மெண்ட் தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிப்பார் என்று தமுக்குப் போட்டார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. வேம்பு மட்டும் சந்தோஷப்படவில்லை.

காரணம் இருந்தது. கோயிலில் தைலம் காய்ச்சுவது நின்று போயிருந்தது. புதிதாக வந்த நிர்வாக அதிகாரி, தைலத்துக்கு என்னென்ன வாங்குகிறீர்கள் என்று குருக்களைக் கேட்டார். குருக்கள் சொல்லிக்கொண்டே வந்து தகரம் என்றதும் அதிகாரி நிறுத்தினார். ‘அம்மனுக்கு எண்ணெய் காய்ச்ச எதுக்குய்யா தகரம்? கூரை போடுறீங்களா?’ என்றார். அது வாசனைச் சரக்கு, பழைய காலத்தில் பெண்கள் கூந்தலுக்குப் பூசிய சாந்தில் சேர்ப்பது என்று குருக்கள் விளக்கினார். கோயில் பணத்தில் தன் வீட்டுக்குத் தகரக் கொட்டகை போடுகிறவர் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் கீழான அர்த்தத்தை எடுத்துக்கொள்வதுதான் சர்க்கார் வழக்கம் போலிருக்கிறது. அன்றிலிருந்து தைலம் கடையிலிருந்து பாட்டிலில் வந்தது. வேம்புவின் வேரை யாரும் கேட்கவில்லை. தர்மகர்த்தா நடராசன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மா படுகையைத் தாண்டித்தான் அவர் வயலுக்கு வாய்க்கால் போகிறது.

விசாரணைக்கு முந்தின நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த இளையபெருமாளிடம் வேம்பு மெதுவாக எடுத்தாள்.

“ஏங்க, நாளைக்குக் கேட்டா வெட்டிவேரு மானியம்னு சேத்துச் சொல்லுங்க. வேரை விட்டுறாதீங்க.”

“நான் எதுக்கு வெட்டின்னு ஆரம்பிக்கணும்? தைல மானியம்னு சொல்லுவேன்.”

“அப்படிப் பேரு இல்லீங்களே. கணக்குப்பிள்ளையிலேருந்து எல்லாரும் வெட்டி மானியம்னுதான சொல்றாக.”

“எனக்கு அந்தச் சொல்லு வாயில வராது வேம்பு. சத்தியம் பண்ணின வாயி.”

வேம்பு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நீடாமங்கலத்துக்கு நடந்தாள். காதர் மைதீனின் நாட்டு மருந்துக் கடை ரயில்வே கேட் பக்கத்தில். கோயில் கேட்டது போக மிஞ்சிய வேரை அவரிடம்தான் அவள் போடுவாள். பேச்சென்றால் அவருக்குப் பசி தெரியாது. வேரின் பேரைப் பற்றி அவள் கேட்டதும் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

“இத பாரும்மா, சடாமாஞ்சி. சாமியார் சடையாட்டம் இருக்கா? அதான் பேரு. நீ கொண்டாற கோரைக்கெழங்கு, அதையே மருந்துன்னு வந்துட்டா முத்தக்காசும்பாங்க. களைன்னா ஒரு பேரு, கடைக்கு வந்தா ஒரு பேரு. ஒன் வேரு மட்டுந்தான் எங்க போனாலும் ஒரே பேரு. காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன் கம்பெனிக்கு எங்கத்தா சரக்குப் போட்டாரு. அவனும் வெட்டிவேருன்னுதான் சொல்லுவானாம். சீமையில அத்தர் புட்டியிலயும் அதே பேருதான். நம்ம தமிழ்ப் பேரு, கப்பல் ஏறிப் போயிருக்கு.”

“அதை நாளைக்கு ஆபீசர்கிட்ட வந்து சொல்லுங்க பாய். வெட்டின்னா அந்த வேருதான்னு ஒரு வார்த்தை.”

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார்.

“சொல்லலாந்தான். நான் பொய் சொல்ல மாட்டேன் ஒங்கிட்ட. கோயிலுக்கு இப்ப போற பாட்டில் தைலம் நம்ம கடைச் சரக்கு. நடராசன்தான் வாங்குறாரு. நான் எப்படிம்மா வந்து நிக்கிறது?”

அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்படுகிறவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீமை வரைக்கும் முழுசாகப் போன பேர், இந்த நாலு மைலுக்குள் பாதியாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே வேம்பு திரும்பினாள். வழியெல்லாம் கோடை உழவு போட்ட புழுதி. அழலாம் போலிருந்தது, எதிரே ஆள் வந்ததால் அடக்கிக்கொண்டாள்.

விசாரணை சாவடியில் நடந்தது. தாசில்தார் இளவயதுக்காரர், வடக்குப் பக்கம் எங்கேயோ ஊர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கீழத்தெருக்காரர்களையும் நிழலில் வந்து நிற்கச் சொன்னார். குருக்களைக் கேட்டார். குருக்கள் நடராசனைப் பார்த்தார், பிறகு தூணைப் பார்த்தார். “இப்போ தைலம் கடையிலேர்ந்து வர்றது. வேரைப் பத்தி நேக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது” என்றார்.

நடராசன் எழுந்தார். பணிவாகப் பேசினார்.

“ஊருக்கே தெரியுங்க, அது வெட்டி மானியம். மயான ஊழியத்துக்கு விட்டது. இளையபெருமாள் அவர்களையே கேளுங்க. அவரு நல்ல மனுஷர், பொய் சொல்ல மாட்டார்.”

நேற்றுவரை ‘ஏலே பெருமாளு’ என்று கூப்பிட்டவர். இன்றைக்கு ‘அவர்கள்’. அந்த மரியாதை நல்லதற்கில்லை என்று வேம்புவுக்குப் பட்டது. இளையபெருமாளோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான், பாவம்.

தாசில்தார் கேட்டார். “சொல்லுங்க. நீங்க இந்த ஊர் வெட்டியா?”

“இல்லீங்க” என்றான் இளையபெருமாள். குரல் சாவடி முழுக்கக் கேட்டது. “நாங்க வெட்டி இல்லீங்க. இனி எங்க தெருவுல எவனும் வெட்டி கிடையாது.”

தெரு ஆண்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு கிழவனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாசில்தார் பேனாவைத் திறந்து எழுதப் போனார். ஊழியக்காரனே தான் ஊழியக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டான். இனி எழுத என்ன இருக்கிறது? மூன்று மாவும் கையைவிட்டுப் போவது அந்தப் பேனா முனையில் வேம்புவுக்குத் தெரிந்தது. அவள் ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“ஐயா, வெட்டின்னா அது வேருங்க. வெட்டிவேரு. அம்மன் தைலத்துக்கு நாங்க வெட்டிக் குடுத்த வேருங்க. வேரை விட்டுட்டுச் சொல்றாங்க, வேற ஒண்ணுமில்லீங்க.”

தாசில்தார் பொறுமையாகத்தான் கேட்டார். வேறு யாராவது இதற்குச் சாட்சி சொல்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். குருக்கள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை மூக்குப்பொடி டப்பாவைத் தட்டினார். கீழத்தெரு சொன்னால் அது சாட்சி ஆகாது.

“அம்மா, வேர் மானியம்னு கணக்குல எங்கயும் இல்ல. வெட்டி மானியம்னுதான் இருக்கு. நீங்க வெட்டின்னா பேசலாம், இல்லைன்னா முடிஞ்சுபோச்சு. ஒரே வார்த்தை சொல்லுங்க. வெட்டியா, இல்லையா?”

வேம்பு புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும். அவளுக்கு அந்த நேரத்தில் சத்தியமும் இல்லை, கற்பூரமும் இல்லை. களத்தில் கையேந்தி நிற்காத அந்த மூன்று மா மட்டும்தான் இருந்தது. பேரில் என்ன இருக்கிறது, முதலில் நிலம் நிற்கட்டும், பேரைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

“ஆமாங்க” என்றாள். “வெட்டிதாங்க நாங்க. அவரு கோவத்துல சொல்றாரு.”

நடராசன் அவசரப்படவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“அந்தம்மா உண்மையைச் சொல்லிட்டாங்க, சந்தோஷம். ஆனா போன வருஷம் தையிலேருந்து இவங்க சுடுகாட்டுப் பக்கமே வரலீங்களே. எங்க சித்தப்பாவுக்கே அடுத்த ஊருலேருந்துதான் ஆள் வந்தான். சத்தியமே பண்ணியிருக்காங்க. கையைப் பாருங்க, தழும்பு இருக்கும்.”

தாசில்தார் இளையபெருமாளின் கையைப் பார்க்கவில்லை. அந்த ஒரு தயவைச் செய்தார். மானியம் வெட்டி ஊழியத்துக்கானது, அனுபவக்காரர் வீட்டார் ஒப்புக்கொள்கிறார்கள், ஊழியம் நின்றுபோயிற்று, ஆகவே நிலம் கோயில் வசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோயில் வசம் என்றால் யார் வசம் என்று அங்கே நின்ற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும்.

இல்லை என்றிருந்தாலும் நிலம் போயிருக்கும். ஆமாம் என்றும் போய்விட்டது. இல்லை என்ற சொல்லோடு போயிருந்தால் தெருவுக்கு அந்த ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும். அதையும் அவள் தன் வாயால் தின்றுவிட்டாள். வேம்புவை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழாயடியில் அவள் போனதும் பேச்சு நின்றது. அவள் குடத்துக்கு யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இளையபெருமாள் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

“நிலம் போனா கூலிக்குப் போயிருப்பேன் வேம்பு. ஒங்கிட்ட நான் சோறா கேட்டேன்?”

“நிலத்துக்காகத்தாங்க சொன்னேன். நம்ம புள்ளைவளுக்காகத்தான்.”

“தெரியும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அந்தத் ‘தெரியும்’ அவளை அறுத்தது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் காய் வெட்டும் வேலை இருக்கிறது என்று அந்த வாரமே கிளம்பிப் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதுதான் அந்த வேலையின் சிறப்பு.

நடராசன் டிராக்டர் விட்டுப் படுகையை உழுதார். வெட்டிவேர்ப் புதர்கள் கொத்துக் கொத்தாக அறுந்து மல்லாந்து கிடந்தன. அன்று மாலை பெய்த மழையில் ஊர் முழுக்க மணந்தது. என்ன இவ்வளவு வாசம் என்று மேலத்தெருவில் மூச்சை இழுத்து இழுத்து ரசித்தார்களாம். வேம்பு பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி அடைமழையில் நடராசனின் அக்கா ஞானாம்பாள் இறந்துபோனாள். வெண்ணாற்றில் வெள்ளம், அடுத்த ஊர் ஆள் கரை தாண்டி வர முடியவில்லை. மத்தியானம் தலையாரி ரெத்தினம் குடையோடு கீழத்தெருவுக்குள் வந்தான். நேராக வேம்பு வீட்டுக்கு எதிரே நின்றான்.

“ஐயா வரச் சொன்னாரு. பொழுதுக்குள்ள எடுக்கணும்.”

“அவரு ஊருல இல்லீங்களே.”

“ஆபீசர் முன்னால வெட்டின்னு சொன்னது அவரு இல்லையே.”

தெரு முழுக்க வாசலில் நின்றது. போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் போகிறேன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. சத்தியம் செய்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அவள் இப்போது போகவில்லை என்றால் நாளை தலையாரி அடுத்த வீட்டு வாசலில் நிற்பான். ஒரு வீட்டில் ஒப்புக்கொண்டாயிற்று, இனித் தெருவே ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்பான். அவள் திறந்த வழி. அவளோடு நிற்கட்டும் என்று வேம்பு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

சுடுகாட்டில் ஆண்கள் அவளைக் கண்டு திகைத்தார்கள். “பொம்பளையையா கூட்டியாந்தே?” என்றார் ஒருவர். பொழுது சாய்கிறது, ஆகட்டும் என்றார் நடராசன், அவளைப் பார்க்காமல். கொட்டகைக்கடியில் அவள் எருவை அடுக்கினாள். உடலைக் கிடத்தியதும் வைக்கோலைப் பரப்பினாள். வாய்க்கால் ஓரத்துச் சேற்றை வாரி வந்து குழைத்துத் தலையிலிருந்து கால்வரை பூச ஆரம்பித்தாள். சுவர் மெழுகிப் பழகிய கை. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பட்டணத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மூக்கில் கைக்குட்டையோடு ரெத்தினத்திடம் கேட்டார்.

“யாருப்பா இந்தப் பொண்ணு? பேரென்ன?”

“வெட்டிங்க” என்றான் ரெத்தினம்.

வேம்பு நிமிர்ந்தாள். வேர் என்கிற அந்தச் சின்னச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தவர் ஊருக்குப் புதிது; கேட்டாலும் கேட்பார். ஆனால் மறுத்தால் நாளைக்கு ரெத்தினம் அடுத்த வீட்டு வாசலில் நிற்பான். அவள் அதை விழுங்கிவிட்டுக் குனிந்து, அடுத்த கைச் சேற்றை எடுத்தாள்.